அக்காவுக்குத் தெரிந்த இன்னொருத்தி

12-11-79, திங்கள்

காலையிலிருந்து ஊதல் காற்று, தூறல். பழவேற்காட்டுக்குத் தோணி இல்லை. பள்ளிக்கு எட்டே பிள்ளைகள். பசியாவரத்தில் வீட்டுக்கு வீடு சளிக்காய்ச்சல். நம் வீட்டில் அக்காவுக்கு, இன்றோடு நாலு நாள். சோறு இறங்கவில்லை, கஞ்சித் தண்ணீர்தான்.

இன்சுலின் ஊசியைச் சனிக்கிழமையோடு நிறுத்திவிட்டேன். வெறும் வயிற்றில் போட்டு, போன ஆடியில் வேர்த்து ஊற்றி மயங்கி விழுந்தாளே, அந்தக் கூத்து ஒரு தடவை போதும். மாமாவிடம் சொன்னேன். "நீ டீச்சரு. உனுக்குத் தெரியாததா?" என்றார். பெருமையாகத்தான் இருந்தது.

வாங்க: மண்ணெண்ணெய், ரொட்டி, சாக்பீஸ். இன்சுலின் சீசாவைக் குளிர்ச்சிக்குப் புதைத்து வைத்த பானை மணலுக்குத் தண்ணீர் தெளிக்க மறக்கக் கூடாது.

14-11, புதன்

காய்ச்சல் விட்டது. ஆனால் ஆள் தேறவில்லை. சொம்பு சொம்பாகத் தண்ணீர். மூச்சைப் பெரிதாக இழுத்து விடுகிறாள். வாயில் அழுகின பழ வாசனை. இடப்பக்கம் மண்டையிடி. அந்தக் கன்னம் மரத்துப்போச்சு என்கிறாள். அதில் ஒரு ஈ உட்கார்ந்து உதடு வரை நடந்து போனது. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். நான்தான் விரட்டினேன்.

மூக்கோரம் கறுப்பு. மூக்குப்பொடிக் கறை என்று ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை. "பொடி போடுறத விடேன்" என்று திட்டவும் செய்தேன். பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. காய்ச்சல் வந்ததிலிருந்து அவள் பொடி மட்டையைத் தொடவே இல்லை.

15-11, வியாழன்

நல்ல வெயில். ஆறாம் வகுப்புக்குக் கணக்குப் பரீட்சை. ஒருவனும் உருப்படப் போவதில்லை.

மத்தியானம் கஞ்சி கொண்டுபோனேன். அக்கா என் தோளுக்குப் பக்கத்தில் பார்த்தாள். "உன் கூட வந்துகீறவ யாருடி? உக்காரச் சொல்லு."

யாருமில்லை என்றேன்.

"உன் பொடவையே கட்டிகினு நிக்கிறா. நீ பேசுனா அவளும் வாயசைக்கிறா."

திரும்பிப் பார்த்தேன். படித்தவள் திரும்பிப் பார்த்தேன் என்று எழுதவே வெட்கம்.

மாமாவுக்குப் பக்கத்திலும் ஒரு ஆள் நிற்கிறாராம். மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "தண்ணில போனதுங்க எதுனா ஏறிகிச்சி" என்று உடனே தோணியை எடுத்துப் போய், பழவேற்காட்டில் ஒரு பாயிடம் தண்ணீர் ஓதி வாங்கி வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "மொதல்ல இது போவட்டும்" என்றார். நானும் அழுத்திச் சொல்லவில்லை. பயம் எனக்கும்.

16-11, வெள்ளி

காலையில் அக்கா தெளிவாகச் சொன்னாள்: "அவ பூட்டா. நீ மட்டும்தான் கீற."

மாமா கையெடுத்துக் கும்பிட்டார். ஓதின தண்ணீரின் பெருமை தெரு முழுக்கப் பரவிவிட்டது. எனக்கும் அப்பாடா என்று இருந்தது. பள்ளிக்குப் போய் ஏழாம் வாய்ப்பாடு நடத்தினேன். பிள்ளைகளை அடிக்கக்கூட இல்லை.

சாயங்காலம். அக்காவின் இடது இமை காலையிலிருந்து திறக்கவே இல்லை. தூக்கச் சடவு என்று விட்டிருந்தேன். விரலால் தூக்கினேன். விழி அசையவில்லை. விளக்கைக் கிட்டத்தில் பிடித்து, நல்ல கண்ணை என் கையால் பொத்தி, வெளிச்சம் தெரிகிறதா என்று கேட்டேன்.

"நீ இன்னும் வெளக்கே ஏத்தலியே" என்றாள்.

எதுவும் அவளை விட்டுப் போகவில்லை. கண்தான் போயிருக்கிறது. இரண்டாகக் காட்டிக்கொண்டிருந்தது அந்தக் கண்.

சோதனைக் குழாயில் சிறுநீரை விட்டுக் காய்ச்சினேன். நீல மருந்து செங்கல் நிறமாக மாறிவிட்டது; சர்க்கரை உச்சத்தில். ஒரு வாரமாகச் சோதிக்கவில்லை. ஏரியில் காத்து அடங்கட்டும், அப்புறம் போகலாம் என்றார் மாமா. வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் கத்தினேன். விடிந்ததும் தோணி.

18-11, ஞாயிறு

பட்டணம், பெரிய ஆஸ்பத்திரி. நேற்று பொன்னேரியில் பஸ் மாறி வந்து சேர்ந்தோம். பாட்டில் பாட்டிலாக ஏற்றி, மணிக்கொரு ஊசி போட்டுச் சர்க்கரையை இறக்கினார்கள். டாக்டர் டார்ச் அடித்து அக்காவின் மேலண்ணத்தைக் காட்டினார். ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுப்பு. உள்ளே அழுகிவிட்டது.

பூஞ்சையாம். பழைய ரொட்டியில் பிடிக்கும் சாதி. காற்றில் எல்லார் மூக்கிலும் போய் வருவதுதானாம். காய்ச்சலில் அடிபட்ட உடம்பு, சர்க்கரையும் எகிறிக் கிடந்தால் அங்கேயே வேர் விட்டுவிடுமாம். மூளைக்கு ஏறும் முன் கண்ணை எடுக்க வேண்டும். இன்றே. எடுத்தாலும் பிழைப்பாள் என்று உறுதி சொல்ல மாட்டாராம்.

"காய்ச்சல்னா ஊசி அதிகம் தேவைப்படும்மா. யாரு நிறுத்தினது?"

வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டாள். "நான்தாங்க. வேணாம்னு அடம் புடிச்சேன். இவ பாவம், கெஞ்சினா."

டாக்டர் அவளைத் திட்டித் தீர்த்தார். அத்தனையும் வாங்கிக்கொண்டாள். மாமா என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். நோயாளி தானாகவே ஊசியை நிறுத்திவிட்டதாகச் சீட்டில் எழுதினார்கள். பக்கத்தில் நின்று படித்தேன்.

நாலு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பிழைத்து வந்தால் டாக்டரிடம் நானே சொல்லிவிடுவேன். வராவிட்டால் சொல்வேனா என்று தெரியவில்லை.