கையால் தொட்டுப் பார்க்கும் விதி

இன்று காலை ஓர்லிகோனில் ரயில் ஏறியபோது, கதவருகே நின்றவரின் வேலைச் சட்டையிலிருந்து அந்த மணம் வந்தது. விமானத்தில் படிந்த ஐஸைக் கரைக்கத் தெளிக்கும் திரவத்தின் மணம், தொண்டையில் ஒட்டுகிற இனிப்பு. “வீடு முழுக்கச் சாம்பிராணி பிடிச்சாலும் இது போகாதடி” என்று உன் சட்டையை முகர்ந்து சொல்வாய். விமான நிலையங்களின் கூட்டுக் குழுவில் நீ இருந்த கதிரை எனக்கு வந்து இது முதல் குளிர்காலம். இன்றுதான் கூட்டம்.

நீ ஓடுதளப் பக்கம் ஐஸ் அகற்றும் ஆட்களுக்குப் பொறுப்பு. நான் மேல்மாடியில் நடைமுறைகளை எழுதுகிறவள். ஒரே வயது, ஒரே ரயில். திரவம் தெளித்த பிறகு இறக்கையைக் கையுறை கழற்றித் தொட்டுப் பார்க்கச் சொல்லும் ஒரு விமான நிறுவனம். கண்ணால் பார்த்தால் போதும் என்னும் இன்னொன்று. கண்ணாடிபோல் படிந்த ஐஸ் கண்ணுக்குத் தெரியாது. உன் ஆட்களோ ஒரே காலையில் எல்லா நிறுவனத்து விமானங்களுக்கும் ஓட வேண்டும்.

“எடி, ஐஸுக்கு அது எந்தக் கம்பனியின்ர செட்டையெண்டு தெரியுமோ?” என்பாய், இறக்கையைக் காட்டி.

எல்லா விமான நிலையங்களுக்கும் ஒரே வழிகாட்டி எழுதக் கூடியபோது நீ பிடித்துக்கொண்டது இதைத்தான். எப்போது தொட வேண்டும் என்பதற்கு எல்லோருக்கும் ஒரே விதி. மற்றவர்கள் ‘விமான நிறுவனம் கேட்டால் மட்டும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். எனக்கும் அதில் பெரிய மறுப்பில்லை.

“நீ ஒருத்தி நிண்டு மறிச்சா இந்தக் குளிருக்கும் வழிகாட்டி ஒண்டும் வராது” என்றேன் ரயிலில்.

“வராட்டி விடு. அந்த வரியோட வந்தா, பழைய குழப்பத்துக்குப் புது மட்டை போட்ட மாதிரித்தான்.”

டீட்டிகோன் வரை போக வேண்டியவள், என்னோடு வாதாடிக்கொண்டே நான் இறங்கும் ஓர்லிகோனில் இறங்கிவிட்டாய்.

அடுத்த கூட்டத்தில் நீ செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வேலை முடிந்ததும் விமானியிடம் வானொலியில் சொல்லும் விவரங்களை நம் ஆட்கள் ஒரு வரிசையிலும் ஜெனீவா விமான நிலையத்து ஆட்கள் வேறு வரிசையிலும் சொல்வார்கள். நம்முடைய வரிசை நீ அமைத்தது, நீ பழக்கியது. அதை விட்டுத்தந்து ஜெனீவா வரிசைக்கு வருகிறேன், நீங்கள் அந்த வரியை விடுங்கள் என்றாய். குழுவிலிருந்த ஜெனீவாக்காரர் சரி என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் வானொலியில் முதலில் பிழைவிட்டவளும் நீதான். பாதி பழைய வரிசை, பாதி புதியது. விமானி திரும்பக் கேட்டார். சாப்பாட்டு அறையில் உன் ஆட்களில் ஒரு பெடியன், “அக்கா இன்னும் ஜெனீவாவுக்குப் போய்ச் சேரேல்லை. பாதி வழியில நிக்கிறா” என்றான். “ஓமடா, ரயில் பிந்திப் போச்சு” என்றாய். வசந்தம் வருமுன் நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்றைய கூட்டத்தில் அந்த வரி திரும்பி வந்தது. தொட்டுப் பார்ப்பதால் விமானங்கள் தாமதமாகின்றன, ‘நிறுவனம் கேட்டால்’ என்று சேர்த்துவிடலாம் என்றார் ஒருவர். இரண்டு பேர் தலையசைத்தார்கள். சேர்த்தால் நீ வாங்கியது போய்விடும். உன் ஐஸ் கேள்வியை ஜெர்மனில் கேட்டேன். அந்த மொழியில் அது அவ்வளவு எடுபடவில்லை.

அப்போது ஜெனீவாக்காரர் பேசினார். “இதற்காக அவர் தன் வரிசையை விட்டுத்தந்தார். அவர் விட்டுத்தந்ததை நாங்கள் இன்றும் வைத்திருக்கிறோம். இதைத் திருப்பி எடுத்தால் அதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். யாரிடம் கொடுப்பது?”

அந்த வரி சேரவில்லை.

கூட்டம் முடிந்து கீழே போனேன். தூரத்திலிருந்து குளிர்ந்த இறக்கையோடு வந்த விமானம் ஒன்று தூறலில் நின்றது. அதே பெடியன்தான் இறக்கை உயரத்துக்கு ஆளைத் தூக்கும் ஏற்றிக் கூடையில் எனக்கும் இடம் விட்டான். “தொட்டுப் பாருங்கோ அக்கா” என்றான். கையுறையைக் கழற்றி இறக்கையில் கை வைத்தேன். ஈரம் மட்டும்தான் இருந்தது. தொடும்வரை அது எங்கள் இருவருக்கும் தெரியாது.