மூலையில் மூன்று வெட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னியுங்கள். சித்தப்பாதான் படித்துக் காட்ட வேண்டும் என்று தெரியும். போனில் கேட்டால் "சரிம்மா, வச்சிடட்டுமா" என்று முடித்துவிடுவீர்கள். எனக்கும் வாய் வராது.

நான் நலம். ரொட்டித் தொழிற்சாலை அலுவலகத்தில் ஜன்னலோர மேசை கொடுத்திருக்கிறார்கள். 'படிச்ச பொண்ணு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாராட்டா கிண்டலா என்று இன்னும் பிடிபடவில்லை.

எங்கள் சதுர ரொட்டி பிறந்த கதையை உறையில் அச்சிட நாலு வரி எழுதச் சொன்னார் முதலாளி. அது தன் அப்பாவின் யோசனை என்றார். புத்தகங்களைப் பார்த்தால், ரொட்டி சுடும் தகர அச்சுக்கு மூடி போட்டுச் சுடுவது பழைய வழக்கமாம். ரயிலின் குறுகலான சமையலறையில் செங்கல் போல அடுக்க வசதியாக இருந்ததாம். யார் முதலில் என்பதில் ஒரு புத்தகம் சொல்வதை இன்னொன்று ஒப்புக்கொள்ளவில்லை.

இங்கே முதல் மூடி முதலாளியின் அப்பா செய்ததுதானா என்று அடுப்பு மேஸ்திரியிடம் கேட்டேன். "பெரிய முதலாளியா? நல்லா சொன்னே போ! ஓட்டை அச்சைப் பத்தவைக்க வந்த தகரக்காரர் செஞ்சு குடுத்ததும்மா. மாவை வழக்கம்போல நிறைய வச்சு மூடிட்டாரு. அது மூடியைத் தள்ளிக்கிட்டு அடுப்பெல்லாம் வழிஞ்சுது. அன்னிக்கே ஆளைத் துரத்திட்டாங்க" என்று சிரித்தார். பிறகு பெரிய முதலாளி மாவைக் குறைத்து வைத்துப் பார்த்தாராம். நாலு பக்கமும் மட்டமாக வந்துவிட்டதாம்.

அப்படியென்றால் ரொட்டி யாருடையது? மூடி செய்தவருடையதா, மாவைக் குறைத்தவருடையதா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றுகிறது.

அந்த மூடி கிடங்கில் கிடக்கிறது. துருவைத் துடைத்தேன். மூலையில் மூன்று சின்ன வெட்டு. பள்ளியில் என் சாப்பாட்டு டப்பா மாறிப்போகாமல் இருக்க நீங்கள் வெட்டிக் கொடுத்தது போலவே.

வேலை கிடைத்ததைச் சொன்னபோது "வேற எடமே இல்லையா?" என்றீர்கள். அம்மா ஏதோ சொல்ல வந்து, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நம் வீட்டில் யாரும் ரொட்டி வாங்கியதில்லை. எதை எதோடு சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இருவர் பெயரையும் எழுதினால் முதலாளி முகம் எப்படிப் போகுமோ.

பட்டறைப் புகையில் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. சித்தப்பா முன்னால் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். இதோடு ஒரு வெற்றுத்தாள் வைத்திருக்கிறேன். அந்த மூடி உங்களுடையது என்றால், தாளின் மூலையில் அதே மூன்று வெட்டை உங்கள் தகரக் கத்திரியால் வெட்டி அனுப்புங்கள் அப்பா. மற்றதை நான் எழுதிக்கொள்கிறேன்.

உங்கள் மகள்