பவர் இல்லாத கண்ணாடி

உங்கள் கண்ணாடி அகப்பட்டுவிட்டது. மேசை லாச்சியின் அடியில், பழைய கலண்டர் தாள்களுக்குக் கீழே கிடந்தது. ஒரு காது முறிந்து, நீங்கள் கறுப்பு நூல் சுற்றிக் கட்டின அதே கண்ணாடிதான். நான் அதைத் தேடி லாச்சியைத் திறக்கவில்லை. கல்வெட்டுக்குப் போட உங்கள் படம் ஒன்று வேண்டுமென்று கொக்குவில் அச்சகத்திலிருந்து மூன்று தரம் போன் எடுத்துவிட்டார்கள். அந்தியேட்டிக்கு இன்னும் ஆறு நாள்தான். முப்பத்தோராம் நாள் சாப்பிட வருகிறவர்கள் கையில் கல்வெட்டுப் புத்தகம் கொடுக்க வேண்டாமா? வாழ்க்கை வரலாறு நாலு பக்கம், பின்னால் தேவாரம், கடைசியில் நன்றி நவிலல். அது இல்லாவிட்டால் எங்கள் ஊரில் ஒருவர் முறையாகச் செத்ததாகவே எடுக்கமாட்டார்கள்.

படங்களைப் பரப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கண்ணாடியோடு இருக்கிறீர்கள். எல்லாம் என்னால் வந்த வினை.

சமாதான காலத்தில் நீங்கள் வன்னியிலிருந்து திரும்பி, சண்டிலிப்பாயில் எங்கள் காணிக்குப் பக்கத்துத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் வைத்தீர்கள். ஒல்லிக்குச்சி மாதிரி ஒரு மனிதர். எங்கள் வீட்டு மறியாடு கட்டையைப் பிடுங்கிக்கொண்டு உங்கள் பாத்திக்குள் வந்தபோது, அதைப் பிடிக்கப் போன உங்களையே அது இழுத்துக்கொண்டு ஓடியது. நான் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று சிரித்தேன். "ஒரு ஆட்டைப் பிடிக்கத் தெரியாத நீங்கள் என்னெண்டு இயக்கத்திலை இருந்தனீங்கள்?" என்று கேட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு சாட்டில் நான் வேலியடிக்குப் போனேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஆடு தானாக அவிழ்ந்தது முதல் நாள் மட்டும்தான்.

கலியாணப் பேச்சு வரமுந்தி நீங்கள்தான் என்னை மறித்து எல்லாவற்றையும் சொன்னீர்கள். "கேட்டுப்போட்டு வேண்டாம் எண்டால் சொல்லும். நான் ஒண்டும் நினைக்கமாட்டன்" என்றீர்கள்.

வலிகாமத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து போயிருந்த நேரம். ஆமி முன்னுக்கு வந்து வெறும் வீடுகளில் இருந்தது. நீங்களும் உங்கள் சிநேகிதனும் ஒரு பனை வடலிக்குள் காவலுக்கு நின்றீர்கள். விருப்பப்பட்டுத்தான் இயக்கத்துக்குப் போனவர்கள் நீங்கள் இருவரும். ஒருவரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. எதிரே ஒரு வீட்டுக் கிணற்றடியில் ஒரு சிப்பாய் குளிக்க வந்தான். அவனுடைய துவக்கு கிணற்றுக் கட்டில் சாத்தியிருந்தது. குறி தப்பாத தூரம். நீங்கள் சொன்னீர்கள்: "அவன் நாலு வாளி அள்ளி ஊத்தினான். பிறகு குனிஞ்சு பாத்தான். தண்ணி எல்லாம் ஒழுங்கைப் பக்கம் ஓடுது. பக்கத்திலை வாழை ஒண்டு வாடிப்போய் நிக்குது, வீட்டுக்காரர் போனதிலையிருந்து தண்ணி காணாத வாழை. உவன் குதிக்காலாலை மண்ணை வெட்டி, தண்ணியை வாழைக்குத் திருப்பி விட்டான். எங்கடை அப்பு செய்யிற மாதிரி. பிறகு என்னாலை விரலை மடக்க ஏலாமல் போட்டுது."

அவன் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான். மூன்றாம் நாள் அதே இடத்தில் நடந்த சண்டையில் உங்கள் சிநேகிதன் செத்தான். உடலும் கிடைக்கவில்லை. அவனைச் சுட்டது அந்தச் சிப்பாய்தானா என்று ஒருவருக்கும் தெரியாது. "அவனாயும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ரெண்டும் என்ரை தலையிலைதான்" என்றீர்கள். நீங்கள் செய்தது சரி என்று ஒரு நாளும் நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை. இனி ஏலாது என்று மட்டும்தான் சொன்னீர்கள்.

சிநேகிதன் சாகமுந்தி, சிப்பாய் குளித்துப் போன அன்றைக்கே, சுடாமல் விட்டது தெரியவந்து உங்கள் இருவரையும் இயக்கப் பொறுப்பாளர் கூப்பிட்டு விசாரித்திருந்தார். அவரும் பாவம், உங்களில் விருப்பமுள்ள மனிதர். "துவக்கு இறுகி வெடிக்கேல்லை எண்டு சொல்லு, விடுறன்" என்றாராம். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "இறுகேல்லை. நான் சுடேல்லை. இனியும் சுடமாட்டன். வேறை என்ன வேலை தந்தாலும் செய்யிறன்."

"அப்ப உன்னோடை நிண்டவன்?"

"அவன் சுடத்தான் வெளிக்கிட்டவன். நான்தான் துவக்கை அமத்திப் பிடிச்சனான்."

அவனை விட்டுவிட்டு உங்களைத்தான் தண்டித்தார்கள். மாதக்கணக்கில் பங்கர் வெட்டினீர்கள். பிறகு வருடக்கணக்கில் சமையல்கூடத்தில் கிடாரம் கழுவினீர்கள். கடைசியில், உவனாலை ஒரு பிரயோசனமும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உதுக்குத்தானோ இவ்வளவு பீடிகை?" என்றேன்.

என் அண்ணையிடம் போய் உங்களைக் கட்டப்போகிறேன் என்று சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "உவனை ஏன் இயக்கம் விட்டது?" நான் என்ன சொல்ல? சுட மறுத்தவர் என்றால் ஊர் துரோகி என்னும். சுடுகிறவராக இருந்தவர் என்றால் ஆமி வந்து கதவைத் தட்டும். வாயில் வந்ததைச் சொன்னேன். "ஆமியின்ரை செல் விழுந்து கண் பார்வை குறைஞ்சிட்டுது அண்ணை."

"கண்ணாடி போடேல்லையே?"

"வீட்டிலை வைச்சிட்டு வந்திட்டார்."

அடுத்த நாளே பட்டணத்துக்கு உங்களை இழுத்துக்கொண்டு போய்ப் பவர் இல்லாத கண்ணாடி ஒன்று வாங்கினேன். கடைக்காரர் இரண்டு தரம் கேட்டார், பவர் வேண்டாமோ என்று. நீங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்து, "துவக்கு இறுகினது எண்டு சொல்லியிருந்தால் இந்தக் கரைச்சல் இல்லை" என்றீர்கள். ஆனாலும் போட்டீர்கள். எனக்காகப் போட்டீர்கள். அதைப் போட்டுக்கொண்டே எனக்கு ஊசியில் நூல் கோத்துத் தந்தீர்கள். அரைக் கட்டைத் தூரத்துக்கு அப்பால் வருகிற பஸ்ஸின் பலகையை வாசித்தீர்கள். நான் கண்ணைக் காட்டினால் உடனே தடுமாறுகிற மாதிரி நடித்தீர்கள், அதுவும் மகா மோசமாக. பொய் சொல்ல வராத மனிதரைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாடு!

அந்தப் பொய் வீண்போகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். யுத்தம் முடிந்து ஆமி வீடு வீடாக விசாரித்தபோது, "அவருக்குக் கண் தெரியாது ஐயா, சமையலிலைதான் இருந்தவர்" என்று நான்தான் முன்னுக்குப் போய் நின்றேன். வந்தவர் உங்கள் கண்ணாடியைப் பார்த்தார், எழுதினார், போனார். அன்றைக்கு நீங்கள் சோறு சாப்பிடவில்லை. நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். நாற்பத்தைந்து வயதில் உண்மையாகவே வெள்ளெழுத்து வந்து வேறு கண்ணாடி எடுத்தபோது, "இப்பதான் உம்மடை பொய்க்குப் பவர் வந்திருக்கு" என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

ஒரேயொரு விஷயத்தில்தான் நாங்கள் உண்மையாகச் சண்டை பிடித்தோம். உங்கள் சிநேகிதனின் தாய் உடுவிலில் இருக்கிறா. வருடத்துக்கொருக்கால் அவனுடைய நினைவு நாளில் நீங்கள் போய் அவவின் வீட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பிளேன்ரீ குடித்துவிட்டு வருவீர்கள். நானும் சில தரம் வந்தேன். சுவரில் அவனுடைய படம், கதவு நிலையளவுக்கு உயரமான பெடியன். அவவிடம் உண்மையைச் சொல்லவேண்டும் என்று நீங்கள் ஒவ்வொரு வருடமும் சொல்வீர்கள். ஒவ்வொரு வருடமும் நான் மறித்தேன். "உங்கடை மனப்பாரத்தை இறக்கிறதுக்கு அந்த மனுசியின்ரை தலைதானோ கிடைச்சது?" என்று ஒருக்கால் கத்திவிட்டேன். அதோடு நீங்கள் அந்தக் கதையை எடுக்கவில்லை. போன மாதம் நெஞ்சுநோவென்று படுத்தீர்கள், இரண்டு நாளில் போய்விட்டீர்கள். சொல்லாமலே போய்விட்டீர்கள்.

கல்வெட்டுக்கு வரலாற்றை எழுதினது அண்ணை. அவருக்குக் கையெழுத்தும் நல்லது, தமிழும் நல்லது. அச்சகத்திலிருந்து திருத்தம் பார்க்க வந்த புரூஃப் தாளை வாசித்துக்கொண்டு வந்தேன். இரண்டாம் பக்கத்தில், "பார்வைக் குறைவு காரணமாக விலகி, விவசாயத்தில் ஈடுபட்டார்" என்று இருந்தது. வாயால் சொன்ன பொய் காற்றோடு போய்விடும். இதை நானூறு புத்தகத்தில் அடித்து, வீடு வீடாகச் சாமி அறையில் வைக்கப்போகிறார்கள். உங்களுக்குக் கொள்ளி வைத்த பிறகும் அந்தக் கண்ணாடியை நான் கழற்றவிடவில்லை என்றால் நான் என்ன மனுசி?

அண்ணையைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப கண்?"

"கண்ணிலை ஒண்டுமில்லை அண்ணை."

அவர் சிரித்தார். "எனக்குக் கலியாணத்தண்டே தெரியும். ஓமப் புகை பட்டவுடனை கண்ணாடியைக் கழட்டி வைச்சுப்போட்டுத்தானே தாலிக்கு முடிச்சுப் போட்டவர். கண் தெரியாதவன் கழட்டுவானோ? ஏதோ இருக்குது, சொல்லேக்கை சொல்லட்டும் எண்டு விட்டனான்." பிறகு முகம் மாறியது. "ஆனால் பிள்ளை, உதை அச்சடிக்காதை. அந்த அம்மா உடுவிலிலை உயிரோடை இருக்கிறா. அவவின்ரை கையிலையும் புத்தகம் போகும்."

நியாயம்தான். அச்சடித்துக் கொடுத்து, அவவே வாசித்து அறிவது பாவம். அடுத்த நாள் காலை பஸ் எடுத்து உடுவிலுக்குப் போனேன். நீங்கள் வழமையாக இருக்கிற கதிரையில் இருந்தேன். வாடின வாழையிலிருந்து மூன்றாம் நாள் சண்டை வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னேன். உங்களை மறித்தது நான்தான் என்பதையும் சொன்னேன். அவ ஏசுவா, அடித்தாலும் வாங்கத்தான் வேண்டும் என்றுதான் போனேன்.

அவ ஏசவில்லை. சீலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டா: "என்ரை பிள்ளையின்ரை கையிலையும் துவக்கு இருந்ததுதானே?"

"ஓம் அம்மா. இவர்தான் அமத்திப் பிடிச்சவர்."

"ஆர், உன்ரை மனுசனோ?" அவ எழும்பிப் படத்துக்குக் கிட்டப் போனா. "உதிலை நிக்கிறவனை வடிவாப் பார் பிள்ளை. ஆறடி. நெல்லு மூடையை ஒருத்தற்றை உதவியும் இல்லாமல் சைக்கிளிலை ஏத்திறவன். உன்ரை மனுசன் அவன்ரை தோளுக்கும் வரமாட்டார். அவன் சுட நினைச்சிருந்தால் உவர் பிடிச்சு அமத்தியிருப்பாரோ?"

ஒரு மறியாட்டைப் பிடிக்க மாட்டாத உங்களை இருபது வருடமாக நான்தான் பகிடி பண்ணினேன். அதே நான்தான், அந்த மலையை நீங்கள் அமுக்கிப் பிடித்ததை ஒரு கேள்வி கேட்காமல் நம்பிக்கொண்டும் இருந்தேன்.

"அவனும் சுடேல்லை" என்றா. "ரெண்டு பேரும்தான். இவர் ஒராள் முன்னுக்குப் போய்ப் பழியை எடுத்திருக்கிறார்." பிறகு குரல் உடைந்தது. "என்ரை பெடியன் வாய் திறக்காமல் நிண்டிட்டானே பிள்ளை. அவரைத் தனிய விட்டிட்டானே."

அவவைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். அழுது முடிந்து பிளேன்ரீ ஊற்றித் தந்தா. "எழுது. என்ரை பிள்ளையின்ரை பேரையும் போட்டு எழுது."

"ஊர் ஏதும் கதைக்கும் அம்மா. உங்கடை பிள்ளைக்கு இருக்கிற மரியாதை..."

"ஊரோ? எனக்கு எழுபத்தெட்டு வயசு. என்ரை பிள்ளையின்ரை கையாலை ஒரு தாயின்ரை பிள்ளை தப்பினது எண்டு இண்டைக்குத்தான் கேள்விப்படுறன். அவனுக்கு அந்தியேட்டியும் இல்லை, கல்வெட்டும் இல்லை. இதிலையாவது ஒரு வரி வரட்டும்."

அப்படியே கொக்குவிலுக்குப் போனேன். பார்வைக் குறைவை வெட்டினேன். "தானும் நண்பனும் ஒரு மனிதனைச் சுட மறுத்து, தண்டனையைத் தான் ஒருவராகவே ஏற்றார்" என்று எழுதி, அவனுடைய பெயரையும் போட்டேன். அச்சகத்துத் தம்பி வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "அக்கா, உது அப்பிடியே வரட்டோ?" என்றான். "அப்பிடியே வரட்டும்" என்றேன். அந்தியேட்டி அன்று பந்தியில் யார் எழும்பிப் போவார்களோ தெரியாது. அண்ணை எதற்கும் கொஞ்சம் குறைத்துச் சமைக்கலாம் என்கிறார்.

துவக்கு இறுகிவிட்டது என்று ஒரு வசனம் சொல்ல மாட்டாதவர், அதே மூச்சில், அதே பொறுப்பாளரைப் பார்த்து, சிநேகிதனுக்காக அவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லியிருக்கிறீர்கள். பிறகு அவனுடைய மரியாதை குறையக்கூடாதென்று எனக்கும் அதையே சொன்னீர்கள். ஒரே கட்டிலில் இருபது வருடம். எனக்குக் கோபம் வருகிறது. ஏசுவதற்கு நீங்கள் இல்லை என்பது அதைவிடப் பெரிய கோபம். அந்த அம்மாவிடம் நீங்கள் சொல்ல நினைத்தது இதையும் சேர்த்துத்தானோ? நான் விட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள். அவ எவ்வளவு வருடத்துக்கு முந்தியே கேட்டிருப்பா. இதை நான் சாகும் வரைக்கும் வைத்திருக்கத்தான் வேண்டும்.

படம் கடைசியில் அண்ணையிடம் இருந்த எங்கள் கலியாண அல்பத்தில் கிடைத்தது. தாலி கட்டுகிற படம். குனிந்து முடிச்சைப் பார்க்கிறீர்கள், கண்ணாடி இல்லை. உங்கள் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிப் போடச் சொன்னேன். ஓரத்தில் என் கழுத்து கொஞ்சம் தெரிகிறது, பரவாயில்லை.

இன்று விடியவும் மறியாடு கட்டையைப் பிடுங்கிக்கொண்டு வெங்காயத்துக்குள் போய்விட்டது. நான்தான் பிடித்துக் கட்டினேன். நீங்கள் உங்கள் வாழ்க்கையில் ஒருவரையும் அமுக்கிப் பிடித்தவரில்லை. உங்களை அமுக்கிப் பிடித்தது நான்தான்.