மேல் தட்டு காலி

பிரிக்பீல்ட்ஸ்,
புதன்கிழமை.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

மகதலேனா எழுதுவது. இங்கே நான் சுகம். மாதாவின் தயவால் நீங்களும் உங்கள் இடது முழங்காலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வெள்ளிக்கிழமை உங்கள் மலைக் கூட்டாளி டேரன் புறப்பட்டு உங்கள் கிர்கிஸ்தான் முகாமுக்கு வருகிறார். போனில் பேசினால் பாதியில் வெட்டிப் போகிறது, இல்லையென்றால் நான் வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம். டேரன் கொடுக்கும் பையைப் பிரிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் உங்கள் ஸ்கின் பட்டைகள். இதை அடியில் ஒட்டினால்தான் ஸ்கீ கட்டை பின்னால் வழுக்காமல் பனியில் மேலே ஏறும் என்று ஊருக்கெல்லாம் விளக்குகிறீர்கள். ஆனால் அதன் பசைக்கு நம் ஊர் வெயில் ஆகாது என்பதை மறந்து, போன வருடம் ஒரு ஜோடியை காருக்குள் போட்டுவைத்தீர்கள். பசை உருகி சீட்டெல்லாம் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து இந்தப் புது ஜோடி நம் பிரிட்ஜின் மேல் தட்டில், மீன் டப்பாவுக்கு நேர் மேலே குடியிருந்தது. கொஞ்சம் கெம்போங் மீன் வாடை அடிக்கும். பனிக்கு மூக்கு இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொண்டுபோன பட்டைகள் குளிரில் ஒட்ட மாட்டேன் என்கின்றன, அங்கே கடையிலும் கிடைக்கவில்லை, இது வந்தால்தான் அந்த மலைக்குப் போக முடியும் என்று போனில் சொன்னீர்கள். இரண்டு வருடமாகப் பாதியில் திரும்பி வந்த அதே மலை. இந்தத் தடவை எப்படியும் ஏறிடுவேன் மகி என்றும் சொன்னீர்கள். நான் போனை வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை, பயம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏமி ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வந்திருந்தாள். பட்டையை பிரிட்ஜில காணோம்னு சொல்லிடுங்கம்மா, டாடி பேசாம வீட்டுக்கு வந்துடுவாரு லா என்றாள். பெற்ற மகளே திருட்டு யோசனை சொல்கிறாள். எனக்கும் அந்த ஆசை வராமல் இல்லை. அறுபத்து மூன்று வயதில் நவம்பரில் நேபாளம், வந்த கையோடு பெட்டாலிங் ஜெயா, பந்திங் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சொற்பொழிவு, அது முடிந்ததும் பனிச்சறுக்கு. மற்ற வீடுகளில் பென்சன் வாங்குகிறவர்கள் காலையில் பேப்பர் படிக்கிறார்கள். நீங்கள் அரிசி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு நம் பிளாட் படிக்கட்டில் ஏறி இறங்குகிறீர்கள். பிறகு அதே அரிசியைத்தான் நான் பொங்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நடுவில் நீங்கள் மறந்துவிட்டுப் போன ஒரு காரியம் என் தலையில் வந்து விழுந்தது. கிள்ளானில் கமலநாதன் நடத்தும் பென்சன்காரர்களின் மலையேறும் குழுவுக்குப் பேச ஒப்புக்கொண்டீர்களாமே. அண்ணன் எத்தனை மணிக்கு வர்றாரு, ஹால் புக் பண்ணியாச்சு, சாப்பிட நாசி லெமாக்கும் சொல்லியாச்சு அக்கா என்று போன் செய்தார். அண்ணன் பனியில் இருக்கிறார் என்றதும் ஐயோ அக்கா என்றார். பாவமாக இருந்தது. உங்கள் படங்களை எடுத்துக்கொண்டு ரயிலேறி நானே போனேன்.

பயந்துகொண்டுதான் போனேன். ஆனால் பாருங்கள், நான் வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் பின்னால் நின்று ஒத்திகை பார்த்தீர்களே, அது முழுவதும் எனக்கு மனப்பாடம். உங்கள் ஜோக்குகளுக்கு உங்களைவிட எனக்குத்தான் அதிகம் சிரித்தார்கள். உச்சி உங்கள் முதுகுக்குப் பின்னால் அவ்வளவு பக்கத்தில் தெரிய, நீங்கள் கீழே இறங்கத் திரும்பி நின்று சிரிக்கும் படம் வந்தது. அங்கே நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது மட்டும் அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது. என் வாயில் வந்ததைச் சொன்னேன்.

இந்த மனிதர் எந்த மலைக்குப் போனாலும், வாசலில் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே, திரும்பி வரும் நாளில் என்ன சமைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போவார் என்றேன். ஒரு தடவை நண்டு, ஒரு தடவை கருவாட்டுக் குழம்பு, ஒரு தடவை வெறும் ரசமும் அப்பளமும். இந்தப் படம் எடுத்த தடவை கேட்டது நண்டு, உச்சியை விட்டாலும் நண்டை விடாமல் வந்து சாப்பிட்டார் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் புஷ்பவல்லி என்று ஒரு அம்மா. அவர் வீட்டுக்காரரும் இப்போதுதான் மலை ஏற ஆரம்பித்திருக்கிறாராம். இந்த வாட்டி உங்க சார் என்ன கேட்டிருக்காரு ஆன்டி என்றார்.

இந்தத் தடவை டாக்சி வந்துவிட்டது என்ற அவசரத்தில் நீங்கள் எதையும் சமைக்கச் சொல்லாமலே போய்விட்டீர்கள். போனிலும் ஏறிடுவேன் என்றுதான் சொன்னீர்கள், வந்துடுவேன் என்று ஒரு வார்த்தை இல்லை. இத்தனை வருடத்தில் இப்படி நடந்ததில்லை. அதுதான் என் பயம்.

ரயிலில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். பட்டைகளை ஒளித்துவைத்தால் நீங்கள் வந்துவிடுவீர்கள். ஆனால் அது நான் பிடித்து இழுத்து வந்ததாகிவிடும். எனக்கு வேண்டியது தானாகத் திரும்பி வரும் மனிதர். அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர். அதனால் ஏமியின் பேச்சைக் கேட்காமல், ஈரம் படாமல் துணியில் சுற்றி, பையில் வைத்துவிட்டேன். கூடவே சம்பல் பாட்டில் இருக்கிறது. டேரனுக்கும் கொடுங்கள்.

போய் ஏறுங்கள். மாதா உங்கள் காலடியில் துணை இருக்கட்டும். நேரம் தவறினால் எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தீர்களே, அதை உங்களுக்கும் ஒரு தடவை சொல்லிக்கொள்ளுங்கள்.

மலையிலிருந்து செய்தி அனுப்ப டேரன் ஒரு கருவி கொண்டுவருகிறாராம். ஏறுவதற்கு முன் அதில் ஒரு வரி அனுப்புங்கள். மலையைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். பிரிட்ஜில் மேல் தட்டு இப்போது காலி. அதில் என்ன வாங்கி வைக்கட்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள்
மகி