சண்டியருக்கு ஒரு பிடி சோளம்

மார்ச் 4, செவ்வாய்

தொட்டியில் சோளத்தட்டை அப்படியே கிடக்கிறது. மெஷினில் பொடிப்பொடியாக வெட்டி, வெல்லத் தண்ணீர் தெளித்து, உடைத்த சோளத்தையும் பிசிறித்தான் வைத்தேன். போன வாரம் வரை நக்கித் துடைத்த கூட்டம். இப்போது ஆறு காளைகளும் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்புகின்றன. என்ன கொழுப்பு! கொழுக்கத்தானே வளர்க்கிறோம், அது வேறு விஷயம்.

மார்ச் 6, வியாழன்

சாணம் தண்ணீராகப் போகிறது. சோளத்தைச் சரியாகக் காயவைக்கவில்லை என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன். "எல்லாத்துக்கும் நான்தான் கிடைச்சேனா?" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். மாமனார் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார். இறைச்சி வியாபாரியின் லாரி இருபதாம் தேதி வருகிறது. இப்படி இளைத்தால் யார் ஏற்றுவார்கள்?

மார்ச் 9, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். மதியம் கொட்டகைக்குப் பின்னால் மாமா இருமினார். ஆறு தலையும் ஒன்றாக அந்தப் பக்கம் திரும்பின. நான் கூப்பிட்டால் ஒன்றாவது திரும்புமா? வந்தார், கையில் வாளி நிறையச் சோளம்.

"என்ன மாமா இது?"

"தட்டையைத் தின்னா சதை பிடிக்குமா? பட்டினி போடுறியேம்மா."

பட்டினியா! சோளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும், திடீர்னு கூட்டினா வயித்துல புளிச்சுப் போயிடும்னு எத்தனை தடவை சொன்னேன்! சுவத்துக்கிட்ட சொல்லியிருக்கலாம்.

மார்ச் 10, திங்கள்

சண்டியர் எழவே இல்லை. ஆறு காளைகளில் பெரியவன், மற்றவர்களை முட்டித் தள்ளிவிட்டு தினமும் வாளியில் பாதியை அவனே தின்றிருப்பான். வயிறு உப்பி, பல்லைக் கடிக்கிறான். அசை போடவில்லை. மாட்டு டாக்டர் சோடா உப்பைக் கரைத்து ஊற்றினார். "பொழைச்சா அவன் அதிர்ஷ்டம். தானியத்தைக் கண்ணுலயே காட்டாதீங்க."

மாமா வாசலிலேயே நின்றார். திட்டுவதற்கு வைத்திருந்ததை விட்டுவிட்டு, உப்புக் கரைத்த சட்டியைக் கழுவப் போனேன். ஆத்திரம் மட்டும் போகவில்லை.

மார்ச் 12

எழுந்தான். தின்னவில்லை.

மார்ச் 20, வியாழன்

ஐந்து ஏறின. வியாபாரி சண்டியரின் விலாவைத் தடவிப் பார்த்து, "இது வேணாம்மா" என்றார். இத்தனை மாசம் வெட்டின தட்டை, கலந்த தீவனம் — ச்சே.

மார்ச் 23, ஞாயிறு

இப்போதெல்லாம் மாமாதான் தட்டை வெட்டுகிறார், நான் வெட்டுவதைவிடப் பொடியாக. இருமல் வந்தால் கொட்டகையை விட்டுத் தள்ளிப் போய் இருமுகிறார்.

தட்டையைத் தின்று முடித்துவிட்டு, ஒட்டிய வயிற்றோடு சண்டியர் என்னையே பார்த்தான். என் கை எப்படிச் சோள மூட்டைக்குள் போனதென்று தெரியவில்லை.

பின்னாலிருந்து மாமாவின் குரல்: "நாம பட்டினி ஒண்ணும் போடலம்மா."

மூட்டையிலேயே கொட்டிவிட்டு வந்தேன்.