மட்டை வைத்திருப்பவரே பேசலாம்

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குவதாக நம்ப முயல்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. மொட்டைமாடிக் கதவைப் பூட்டி வைக்கலாம் என்று மேல்வீட்டுப் பல் டாக்டர் சொன்னதற்கு, நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், "பல்லைப் பிடுங்கினது பத்தாதுன்னு மாடியையும் பிடுங்கப் பாக்கறார்" என்று எழுதிவிட்டார். இத்தனை வருடச் சிநேகிதர்கள் இருவரும், படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்தார்கள். கூட ஆட டாக்டர் வராததால் அப்பா சதுரங்கப் பலகையின் இரண்டு பக்கமும் தானே ஆடி, தானே தோற்றுக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

குழுவில் ஆளுக்கொரு கட்சி சேர்ந்து கத்தவே, சங்கச் செயலாளர் வந்து, "மேடம், நீங்க படிச்சவங்க, மரியாதையாப் பேசறதுக்கு நாலு விதி எழுதிக் குடுங்க" என்றார். விதியால் யாரும் திருந்தியதாக நான் படித்ததில்லை. ஆனாலும் எழுதினேன்: விஷயத்தைப் பேசு, ஆளைப் பேசாதே, கேலி வேண்டாம், டேபிள் டென்னிஸ் மட்டையைக் கையில் வைத்திருப்பவர் மட்டுமே பேசலாம். மட்டை கூட்ட அறையில் சும்மா கிடந்தது, வேறு தத்துவம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் உன் அப்பாதான் முதலில் அதை வாங்கினார். ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். நடுவில் யாரோ சிரிக்க, கோபம் தலைக்கேறி, மட்டையோடு வீட்டுக்கு நடையைக் கட்டிவிட்டார். அப்புறம் யார் பேசுவது? நம் ஆட்கள் விதியை மதித்தது வாழ்நாளில் அன்றைக்குத்தான். எல்லாரும் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். கடைசியில் டாக்டர் எழுந்து நம் வீட்டுக்குப் போனார், பின்னாலேயே நானும் ஓடினேன். வாசலில் நின்று, "மட்டையைக் குடுய்யா, நான் பேசணும்" என்றார். வாங்கிக்கொண்டு, "மாடிக் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் ஆடுது. நீ விடியறதுக்கு முன்னாடி இருட்டுல அங்கதான நடக்கற? உனக்காகத்தான்யா பூட்டச் சொன்னேன். காரணம் சொல்றதுக்குள்ள ஊரே சிரிக்கற மாதிரி எழுதிட்ட" என்றார். அப்பா வாயைத் திறந்தார், மட்டையைப் பார்த்தார், மூடிக்கொண்டார். அவர் ஒருவரை முழுதாகப் பேச விட்டதைக் கல்யாணமானதிலிருந்து அன்றுதான் பார்க்கிறேன். பிறகு கையை நீட்டி மட்டையை வாங்கினார். டாக்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பக் கூட்டத்துக்குப் போனார். "எல்லார் முன்னாடியும் எழுதினேன், எல்லார் முன்னாடியும் சொல்றேன், தப்பு என்னுது" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உன் அறைத்தோழியோடு பேச்சில்லை என்று சொன்னாய். அறிவுரை சொன்னால் உனக்குப் பிடிக்காது, எனக்குச் சொல்லவும் வராது. ஒரு தடவை அவளைப் பேசி முடிக்க விடு, போதும். அங்கே யாரிடமாவது பல்லைக் காட்ட மறக்காதே, நம் டாக்டர் விசாரித்தார். நிறைய நண்பர்களோடு நீண்ட நாள் நன்றாயிரு.

பிரியமுடன்,
அம்மா