சிவப்புப் பட்டன்

மார்ச் 12
மகள் ஞானசெல்வி என் கிணற்று மோட்டாருக்குப் போனிலே புரோகிராம் எழுதியிருக்கிறாள். பத்தொன்பதாம் தேதி சென்னைக் கம்பெனிக்காரர்கள் வீடியோவில் பார்ப்பார்களாம். பிடித்தால் வேலை.

எனக்கு விளக்கினாள். தண்ணீர் மட்டம், மோட்டார் எல்லாம் உள்ளே பூட்டிக் கிடக்குமாம். எட்டிப் பார்க்க கெட்டர், மாற்ற செட்டர். "செட்டர் சும்மா மாத்தாதுப்பா. மூணடிக்குக் கீழ தண்ணியிருந்தா முடியாதுன்னுரும்."

எட்டாம் வகுப்பை இரண்டு தடவை ரசித்துப் படித்தவன் நான். தலையாட்டினேன்.

மார்ச் 15
தினம் சில மணி நேரமே விடுகிற மும்முனைக் கரண்ட் வந்தது. போனில் பட்டனை அமுக்கினேன். 'தண்ணீர் போதாது.'

என் கிணறு, என் மோட்டார், என் கட்டைவிரல் — எனக்கே மறுப்பா? கரண்ட் வந்தும் மோட்டார் போடாதவன் எங்க சுருளிப்பட்டியில் எவன் இருக்கிறான்? பக்கத்துத் தோட்டம் சுருளியாண்டி கேட்டான்: "என்ன மாமா, மககிட்ட பெர்மிசன் கெடைக்கலயா?"

திராட்சை வாடுது.

மார்ச் 16
செல்வி தேனிக்குப் போயிருந்தாள். அவளோடு சேர்ந்து புரோகிராம் எழுதிய கார்த்திக்ராஜைப் பிடித்தேன். "செட்டர்கிட்டக் கேக்காம நேரா ஆன் ஆகுற மாதிரி ஒண்ணு வைப்பா."

"செல்வி வைவாளே, ஐயா."

"நான் பேசிக்கிறேன்."

சிவப்புப் பட்டன் வைத்துக் கொடுத்தான். தொட்டதும் ஓடியது. ராஜா நான்.

மார்ச் 18
சிவப்பை அமுக்கிவிட்டுக் கம்பம் டவுனுக்கு உரம் வாங்கப் போனேன். பேச்சு சுவாரசியம். திரும்பினால் கருகல் வாடை. கிணறு வற்றி, மோட்டார் வெறுமனே சுற்றி, உள்ளே கம்பிச்சுருள், அந்தக் காயில், எரிஞ்சு போச்சு.

நாளைக்கு வீடியோ.

மார்ச் 19
பார்த்தார்கள். மோட்டார் அசையவில்லை. எப்படி எரிந்தது என்று அவர்கள் புரோகிராமைத் தோண்டிக் கேட்டபோதுதான் சிவப்புப் பட்டன் அவளுக்கே தெரிந்தது. "செட்டர் வச்சுட்டு, பக்கத்துலயே தெறந்தும் விட்ருக்கீங்களேம்மா?"

கதவுக்குப் பின்னால் நின்றேன். எங்கப்பா செஞ்சதுன்னு சொல்லுவாள்னு நினைச்சேன் — "என் தப்புதான் சார்" என்றாள்.

வேலை இல்லை.

என் வீட்டுக்காரி பூமாரி சோறு வைக்கும்போது கேட்டாள்: "பிள்ளையக் கேட்டுட்டுப் போட்டா கொறஞ்சா போவீக?"

ஏப்ரல் 2
மோட்டார் புதுக் காயில் கட்டி வந்தாச்சு. மகளிடம் பேச்சுதான் ஓடவில்லை.

ஏப்ரல் 21
செல்வி கோயம்புத்தூர் போய்விட்டாள். ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. அதற்கா படித்தாள்?

போகும் முன் என் போனைச் சரிசெய்திருக்கிறாள். சிவப்பு இல்லை, எந்தப் பட்டனும் இல்லை. தண்ணீர் மட்டம் மட்டும் தெரிகிறது. போடுகிற பட்டன் பூமாரி போனில். எனக்குக் கெட்டர் போதுமாம்.

கூப்பிட்டேன். "நல்லாருக்கேன்ப்பா." போனை வைத்துவிட்டாள்.

கரண்ட் வந்திருக்கிறது. கிணற்றில் ஏழடி. அடுப்படி வாசலில், பூமாரி முன்னால் போய் நிற்கிறேன்.